விருந்து மேசை: அழகும் உபசாரமும்

'விருந்து' என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருளாகும். புதிதாக நம் இல்லம் நாடி வந்தவரைக் குறித்த அச்சொல், காலப்போக்கில் அவருக்கு இடப்படும் உணவையும் குறிப்பதாயிற்று. ஆள் முதலில், உணவு பின்னர் என்னும் ஒழுங்கு அச்சொல்லின் வரலாற்றிலேயே அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. இதனை ஆண்டுதோறும் வகுப்பில் மாணவருக்கு எடுத்துரைத்து வந்தோமாயினும், அதன் பொருளை நாம் மெய்யாக உணர்ந்தது மட்டக்களப்பு வாவிக்கரையில், அலங்காரம் மிகுந்த ஒரு மண்டபத்திலே கழிந்த ஓர் இரவிலேதான்.

எமது உறவினர் ஒருவரின் மூத்த மகளுக்கு ஆனி மாதத்தில் திருமணம். காலையில் கோயிலில் தாலி கட்டும் சடங்கு நிறைவேறியது. மாலையில் மண்டபத்தில் வரவேற்புபசாரம். சமையலும் மேசை அலங்காரமும் ஒப்பந்தகாரரிடம் விடப்பட்டிருந்தன. குறைசொல்ல இடமில்லாத அலங்காரம் அது. வெண்ணிற உறையிட்ட நாற்காலிகளின் முதுகில் நீலப் பட்டு நாடா. வட்ட மேசைகளின் நடுவே ஆளுயரத்துக்குச் சற்றே குறைந்த கண்ணாடிச் சாடிகளில் வெளியூர்ப் பூக்கள். அன்னப் பறவைபோல் மடித்து வைத்த சேவியற்றுகள். வந்தவர் ஏறக்குறைய 400 பேர். உணவோ மண்டபத்தின் ஒரு கோடியில், ஒரே நீள மேசையில், பஃபே முறையில் வைக்கப்பட்டிருந்தது. பீங்கானை ஏந்திய வரிசை வாசல் வரை நீண்டது.

அவ்வரிசையில் எமக்கு ஆனா ஆவன்னா எழுதப் பழக்கிய முதிய ஆசிரியரும் நின்றார். அகவை 80 ஐக் கடந்தவர். ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையில் பீங்கான்; கறிக் கரண்டியைப் பிடிப்பதற்கு அவருக்கு மூன்றாவது கை ஒன்று வேண்டும். அவருக்கு நான்கு பேர் முன்னால் நின்ற நாம், பழைய நண்பர் ஒருவருடன் உரையாடுவதில் மூழ்கியிருந்தோம். திரும்பிப் பார்த்தபோது அவரைக் காணவில்லை. ஓரத்து மேசையில் வெறும் பீங்கான் ஒன்று இருந்தது. மணமக்களை வாழ்த்திவிட்டு, ஒரு குவளை தண்ணீர் அருந்தி, அவர் வீடு திரும்பிவிட்டார்.

மறுநாட் காலை, மணமகளின் தந்தையும் நாமும் உணவெடுத்துக்கொண்டு அவர் இல்லம் சென்றோம். "அவசர அலுவல் ஒன்று இருந்தது, தம்பி. நீங்கள் இதை மனத்தில் வைக்க வேண்டாம்" என்று அவர் சிரித்தபடியே கூறினார். விடைபெற்று வெளிவாசலுக்கு வந்தபோது, பின்னால் வந்த அவருடைய மகள் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அலுவல் ஒன்றும் இல்லை, அண்ணன். சுனாமியில் அம்மாவும் தம்பியும் போன பிறகு பள்ளிக்கூடத்து முகாமில் ஆறு மாதம் இருந்தோம். அப்பாதான் மூன்று வேளையும் தட்டோடு வரிசையில் நின்று சாப்பாடு வாங்கிவருவார். அன்று தொடக்கம் எந்த இடத்திலும் அவர் அப்படி நிற்பதில்லை. நேற்று உங்களுக்காக நின்று பார்த்தார், முடியவில்லை."

மணமகளின் தந்தை ஒன்றும் பேசவில்லை. கல்லடிப் பாலத்தைக் கடக்கும்வரை நாமும் பேசவில்லை.

பங்குடாவெளியிலிருந்து கல்முனை வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், தட்டேந்தி வரிசையில் நின்றறியாத குடும்பங்கள் மிகச் சிலவே. 1978 நவம்பரில் வீசிய சூறாவளிக்குப் பின்னர் நின்றார்கள். 1990 இல் ஊர்களை விட்டு ஓடியபோது நின்றார்கள். 2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குப் பின்னரும் நின்றார்கள். 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்த வேளையில், எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் நாமெல்லோரும் நின்றோம். இத்தகைய ஓர் ஊரில், மங்கல மண்டபத்திலும் விருந்தினரை வரிசையில் நிறுத்துவது வெறும் ஏற்பாட்டுக் குறைவு மட்டுமன்று. அதனை எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மேசை வந்த வழி

மேசை என்னும் சொல்லே நமக்குக் கடல்வழியாக வந்தது. அது போர்த்துக்கேயச் சொல். 1628 இல் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டிய போர்த்துக்கேயரிடமிருந்து 1638 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி போயிற்று, மேசையும் அலுமாரியும் கோப்பையும் நம் வீடுகளிலே தங்கிவிட்டன. அதற்கு முன்னர் நமக்கு அமைந்திருந்தது பன்பாயும் பந்தியும் வாழையிலையுமே.

மேனாட்டார் மேசையின் வரலாற்றிலும் ஒரு செய்தி உண்டு. ஐரோப்பியச் செல்வர் இல்லங்களில், பலவகை உணவுகளையும் ஒரே சமயத்தில் மேசைமீது பரப்பிவைக்கும் பிரெஞ்சு முறையே நெடுங்காலம் வழங்கிற்று. ஒவ்வோர் உணவாக ஒவ்வொருவரிடமும் கொண்டுசென்று பரிமாறும் ருஷ்ய முறை 19 ஆம் நூற்றாண்டிலேதான் அங்கு பரவிற்று. உணவு மனிதரைத் தேடிச் செல்லும் அம்முறை நமது பந்திக்குப் புதியதன்று. பஃபே என்பதோ, பிரெஞ்சு மொழியில் பாத்திரங்கள் வைக்கும் பக்கமேசையின் பெயர். அதில் மனிதர்தாம் உணவைத் தேடிச் செல்லவேண்டும்.

ஆயினும் பழைய பந்தி குற்றமற்றது என்று கூறுவாரேல் அதனை நாம் ஒப்போம். முதற்பந்தி யாருக்கு, கடைசிப் பந்தி யாருக்கு என்பதிலே சாதியும் செல்வமும் தலையிட்டன. வேலிக்கு வெளியே காத்துநின்றோர் இருந்தனர். சமைத்த பெண்டிர் அனைவரும் உண்டபின், அடிச்சட்டியில் எஞ்சியதை உண்டனர். இன்று யாரும் எந்த நாற்காலியிலும் அமரலாம். வீட்டுப் பெண்கள் மூன்று நாட் புகையில் வாடாமல் பட்டுடுத்தி விருந்தினரோடு அமரலாம். ஒப்பந்தச் சமையலால் விளைந்த இந்நன்மையை மறுத்தல் நன்றிகொன்ற செயலாகும். ஆகவே சமையலை ஒப்பந்தகாரரிடம் ஒப்படைப்பதில் தவறில்லை. உபசாரத்தையும் சேர்த்து ஒப்படைத்துவிடுவதே தவறு.

வரிசைக் கணக்கு

மாணவர் செய்து பார்க்கத்தக்க ஓர் எளிய கணக்கு இது. ஒருவர் பஃபே மேசையில் தமக்கு வேண்டியதை எடுத்து நகர, அவருக்குப் பின்னால் நிற்பவர் அரை நிமிடம் காத்திருக்கிறார் எனக் கொள்வோம். 400 பேர் ஒரே வரிசையில் நின்றால், கடைசி மனிதர் உணவு பெற 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம் செல்லும். அதே உணவை இரண்டு மேசைகளில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் வழி விட்டால், வரிசை நான்காகும். நேரம் 50 நிமிடமாகக் குறையும். மேசைகளை எண்முறைப்படி ஒவ்வொன்றாக அழைத்தால், நிற்பவரே பெரிதும் இரார். இதற்கு ஒரு ரூபாவும் மேலதிகமாகச் செலவில்லை. சுவரோடு ஒட்டிய மேசையைச் சற்று முன்னுக்கு இழுத்தால் போதும்.

முதியோர், கருவுற்றோர், கைக்குழந்தையுடன் வந்தோர், நடக்க இயலாதோர் ஆகியோருக்குப் பஃபே முறை வேண்டவே வேண்டாம். வாசலுக்கும் கைகழுவும் இடத்துக்கும் அண்மையில் இரண்டு மேசைகளை அவர்களுக்கென ஒதுக்கி, உணவை அங்கே கொண்டுசென்று பரிமாறுதல் வேண்டும். அவற்றின்மேல் 'முதியோர்' என அட்டை எழுதி வைக்கலாகாது. வீட்டார் ஒருவர் கையைப் பற்றி அழைத்துச் சென்று அமர்த்தினாற் போதும்.

60 அங்குல விட்டமுள்ள வட்ட மேசையின் சுற்றளவு ஏறக்குறைய 188 அங்குலம். எண்மர் அமர்ந்தால் ஒருவருக்கு 2 அடிக்குச் சற்றுக் குறைவாக இடம் கிடைக்கும்; அதுவே தகுந்த அளவு. பதின்மரை நெருக்கினால் 19 அங்குலமும் தேறாது. முழங்கை அடுத்தவரின் சோற்றில் இடிக்கும். ஒரு மேசைக்கும் மற்றொன்றுக்கும் இடையில் 5 அடி விட்டால், இருபுறமும் நாற்காலிகள் பின்வாங்கியபோதும் பரிமாறுபவர் நடக்க வழியிருக்கும்.

விரிப்பும் பூவும் காற்றும்

மேசையின் உயரம் பெரும்பாலும் 30 அங்குலம். 60 அங்குல வட்ட மேசைக்கு 90 அங்குல விரிப்பிட்டால் அது எப்பக்கமும் 15 அங்குலம் தொங்கும். பார்வைக்கும் அழகு, காலுக்கும் இடைஞ்சலில்லை. 120 அங்குல விரிப்பு தரையைத் தொடும். நிழற்படத்துக்கு நன்று, ஊன்றுகோலுக்கு நன்றன்று. விரிப்புக்கு மின்னும் செயற்கைப் பட்டே வேண்டுமென்பதில்லை. மருதமுனையிலும் காத்தான்குடியிலும் நெய்யப்படும் கைத்தறித் துணி, வெண்மையான மேசை விரிப்பின்மேல் குறுக்கே ஒரு பட்டையாக இடப்படும்போது, அம்மேசை எந்த ஊரின் மேசை என்பதை வந்தவருக்குச் சொல்லிவிடும்.

பூவின் உயரத்துக்கு ஒரு நாட்டு அளவு உண்டு. முழங்கையை மேசையில் ஊன்றி, கையை நிமிர்த்தி, விரல்களை மடக்குங்கள். அம்முட்டிக்கு மேல் பூ உயரலாகாது. உயர்ந்தால் எதிரே அமர்ந்தவரின் முகம் மறையும். மல்லிகை போன்ற கடுமணப் பூக்கள் உணவின் மணத்தோடு போட்டியிடும். அவற்றை வாசலில் வைக்கலாம். படுவான்கரைக் குளங்களிலே பூக்கும் தாமரையை அகன்ற மட்பாண்டத்தில் மிதக்கவிட்டால், வெளியூர்ப் பூவின் விலை மீதமாகும். புளியிட்டுத் துலக்கிய பித்தளைச் செம்பில் தென்னம்பூவை வைப்பதும் அழகே.

வாவிக்கரையில் மேசையிடுவோர் காற்றை மறத்தலாகாது. கச்சான் காற்றுக் காலத்தில் காகிதச் சேவியற்று தண்ணீருக்குள் போய் விழும், மெழுகுதிரி நில்லாது. விரிப்பின் ஓரங்களைக் கவ்விகளால் பிணைத்தலும், விளக்கைக் கண்ணாடிக் கூட்டினுள் வைத்தலும் நலம். மேசை நடுவே ஒரு முட்டி எருமைத் தயிரை வைத்தால், அது பாரமுமாகும். விருந்தின் முடிவில் தேனோடு உண்ணும் பண்டமுமாகும்.

ஒரு நுட்பத்தையும் இங்குக் குறிப்பிடல் தகும். மேனாட்டு முறையில் பீங்கானின் இடப்புறம் முள்ளுக்கரண்டியும், வலப்புறம் வாய் உட்புறம் நோக்கிய கத்தியும் கரண்டியும், கத்தியின் நுனிக்கு மேலே தண்ணீர்க் குவளையும் வைக்கப்படும். நாமோ வலக்கையாற் சோறு பிசைந்து உண்போர். சோறு பட்ட கையால் குவளையைத் தொட விரும்பமாட்டோம். ஆதலின் கையாலுண்ணும் விருந்தில் குவளை இடப்புறமே இருத்தல் வேண்டும். ஒப்பந்தகாரரின் இளைஞர் தாம் பயின்றபடியே வலப்புறம் வைப்பர். முன்கூட்டிச் சொன்னால் மாற்றிவைப்பர். வாழையிலை இடுவோர் நுனி உண்பவரின் இடப்பக்கம் வரும்படி இடுவதையும் கவனிக்க.

பலரும் கூடும் மண்டபம்

நமது விருந்துக்குச் சைவ உணவினரும் வருவர். முஸ்லிம் நண்பரும் வருவர். கிறித்தவரும் பறங்கியரும் வருவர். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் சைவம், மீன், இறைச்சி எனத் தெளிவான தமிழில் எழுதிய அட்டை வேண்டும். இறைச்சி எதுவென்பதையும் அதில் எழுதல் வேண்டும். இறாலும் நண்டும் ஒவ்வாதோர் உளராதலின், குழம்பில் அவை கலந்திருப்பின் அதனையும் குறித்தல் கடமை. சைவ உணவைத் தனி மேசையில் தனிக் கரண்டிகளோடு வைக்கவேண்டும். ஹலால் என்பது அட்டையில் எழுதும் சொல் மட்டுமன்று. இறைச்சி வாங்கும் இடத்திலும் சமைக்கும் பாத்திரத்திலும் அது மெய்யாதல் வேண்டும். இயலாதெனின் மறைக்காது கூறிவிடுதலே மரியாதை.

இதனை எமக்குக் கற்பித்தவர் காத்தான்குடியில் வாழும் நண்பர் ஒருவர். சஹன் எனப்படும் பெருந்தட்டைச் சுற்றி நால்வர் ஐவராக அமர்ந்து, ஒன்றாக உண்ணும் வழக்கம் அங்குள்ள விருந்துகளிலே உண்டு. அவர் மகனின் திருமணத்துக்குச் சென்றபோது, சைவ உணவினராகிய எமக்குப் புதிய பீங்கானில் தனியே சோறும் மரக்கறியும் வந்தன. அம்மட்டோடு அவர் நிற்கவில்லை. சஹனை விட்டெழுந்து வந்து, எம் அருகில் அமர்ந்து, அன்று தாமும் அம்மரக்கறியையே உண்டார். தனியே உண்ணும் கூச்சம் எமக்கு நேராமற் காத்த அச்செயலை, எந்த அலங்காரக்காரர் விலைக்குத் தருவார்?

வெப்பமும் வாவியும்

சுடுசோறும் கறியும் 60 பாகை செல்சியசுக்கு மேலான வெப்பத்தில் இருத்தல் வேண்டுமென்றும், சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைத்தலாகாதென்றும் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. வெப்பநிலை 32 பாகையைத் தாண்டும்போது 1 மணி நேரமே எல்லையெனக் கொள்ளுதல் பாதுகாப்பு. நமது ஊரின் நண்பகலுக்கு அவ்வெல்லையே பொருந்தும். இரவு 9 மணிக்கு உண்ணும் இறாற்கறி மாலை 5 மணிக்கே வந்து மூடிக்கிடப்பின், மேசை எத்துணை அழகாயினும் விருந்து மருத்துவமனையிலே முடியலாம்.

உண்டபின் எஞ்சும் குப்பை எங்கே செல்கிறது என்பதும் மேசையிடுவோர் வினவவேண்டிய வினாவே. பொலித்தீன் உணவுத்தாள் நம் நாட்டில் 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்யப்பட்டது. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்ரிக் தட்டு, கோப்பை, கரண்டி முதலியவற்றுக்கு 2023 ஒக்ரோபர் 1 முதல் தடை வந்தது. சட்டம் வந்தபின்னும் அவை வாவியோரத்துக் கண்ணாப் பற்றைகளில் சிக்கிக் கிடப்பதை நாம் காண்கிறோம். நமது தட்டிலுள்ள மீனையும் இறாலையும் தந்தது அவ்வாவியே. அதற்குக் கைம்மாறாக எச்சிற் பிளாஸ்ரிக்கைக் கொடுத்தல் தகுமா? கழுவிப் பயன்படுத்தும் பீங்கானோ, மண்ணோடு மண்ணாகும் வாழையிலையோ விருந்துக்குப் போதும்.

ஒப்பந்தத்தில் எழுதவேண்டியவை

ஒப்பந்தகாரருடன் பேசும்போது நாம் பெரும்பாலும் கறிகளின் எண்ணிக்கையையும் விலையையும் மட்டுமே பேசுகிறோம். வேறு சிலவும் எழுத்தில் இருத்தல் வேண்டும். உணவு மண்டபத்துக்கு வந்துசேரும் நேரம் எது? பரிமாறுவோர் எத்தனை பேர்? அமர்த்திப் பரிமாறும் மேசைகளாயின் இரண்டுக்கு ஒருவர் வேண்டும். எஞ்சிய உணவை எத்தனை மணிக்குள் யாரிடம் சேர்ப்பது? யாவற்றிலும் முக்கியமானது, பரிமாறும் இளைஞரும் வாகனச் சாரதிகளும் எங்கே, எப்பொழுது உண்பர் என்பது. பழைய பந்தியில் சமைத்த பெண்டிர் கடைசியில் உண்டதைக் குறையென்றோம். இன்று அவ்விடத்தில் கூலிக்கு வந்த இளைஞனை இருத்திவிடுதல் நியாயமாகாது.

கடன்பட்டு மேசை அலங்கரிப்பதும் வேண்டாம். உயர்ந்த சாடியையும் வாடகைப் பூவையும் விட்டு, அப்பணத்தில் பரிமாறுவோர் நால்வரைக் கூட்டிக்கொள்ளுதல் மேலானது. இறுதியில் வட்டாவில் வெற்றிலை பாக்கு வைத்து, வாயிலில் வீட்டார் ஒருவர் நின்று, விடைபெறுவோர் ஒவ்வொருவருக்கும் இரு கைகளாலும் நீட்டவேண்டும். எவரேனும் உண்ணாமற் செல்வாராயின் அவரை அறிந்து தடுக்கும் கடைசி இடமும் அதுவே. அன்று அவ்வாயிலில் வட்டாவோடு ஒருவர் நின்றிருந்தால், எமது ஆசிரியர் வெறும் வயிற்றோடு போயிருக்கமாட்டார்.

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஒன்பதாம் அதிகாரத்தை வகுத்தார். அதன் இறுதிக் குறள் பேசுவது உணவின் சுவையைப் பற்றியன்று. விருந்தினரை நோக்கும் முகத்தைப் பற்றியே. அதனைப் பலமுறை கரும்பலகையில் எழுதிய நாமே, வரிசையில் நின்றபோது முகந்திருப்பிப் பார்க்கத் தவறினோம் என்பதை வெட்கத்தோடு இங்கு ஒப்புக்கொள்கிறோம்.

தை மாதத்தில் அதே உறவினரின் இளைய மகளுக்கும் திருமணம் நடந்தது. மேசைப் பொறுப்பை நாம் கேட்டுப் பெற்றோம். அதே மண்டபம், அதே ஒப்பந்தகாரர், செலவு மட்டும் சற்றுக் குறைவு. பஃபே மேசைகளை இரண்டாக்கினோம்; வாசலருகே இரண்டு மேசைகளில் வாழையிலை இட்டோம். ஆசிரியரை மகளோடு வாகனத்தில் அழைத்துவந்து அமர்த்தியபின், மணமகளின் தந்தை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோற்றுப் பாத்திரத்தோடு வந்தார். "ஐயா, இன்னும் கொஞ்சம்?" என்று ஒவ்வொரு கறிக்கும் நின்று கேட்டார்.

ஆசிரியர் மெல்ல மெல்ல உண்டார். முடிவில் தயிர் வந்தது, தேன் வந்தது. இலையை வழித்து முடித்தவர், நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "தயிர் நல்ல கட்டி, தம்பி. இன்னுமொரு கரண்டி வையுங்கள்."